பெருக்கி ஏன் நின்றது?

சென்ற ஆண்டு நம் இயற்பியல் மன்றத் தொடக்க விழாவுக்கு வந்திருந்த நண்பர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. விழாவுக்கு முன் கால் மணி நேரம் பாடல்கள் நன்றாகவே ஒலித்தன. வரவேற்புரை தொடங்கியதும் ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு ஓசையே இல்லை. துறைத் தலைவர் மைக் இல்லாமலே உரத்த குரலில் பேசி விழாவை நடத்தி முடித்தார். அந்தப் பெருக்கியைச் செய்தவர்கள் முதலாம் ஆண்டு மாணவர் நால்வர். அவர்களில் நானும் ஒருவன். பேருந்துக்கும் தேநீருக்கும் வைத்திருந்த காசைச் சேர்த்து வாங்கிய பொருள்கள் அவை. அன்று நாங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தப் பெருக்கி ஏன் நின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதே தவற்றை வேறு யாரும் செய்து பொருளையும் மானத்தையும் இழக்கக் கூடாதல்லவா?

குச்சி வைத்து அடைக்காதே

விழா அன்று ஒலி நின்றதும் சுவிட்சை அணைத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினோம். "ஐ.சி. போய்விட்டது" என்று முடிவு செய்தோம். மறுநாள் புதியது ஒன்று வாங்கிப் பற்றவைத்தோம். கால் மணி நேரம் பாடிவிட்டு அதுவும் நின்றது. கடைக்காரர் போலியைக் கொடுத்துவிட்டார் என்று அவரை நொந்துகொண்டு மூன்றாவதை வாங்கினோம். அதுவும் அப்படியே நின்றது. கழற்றிய இரண்டையும் என் பேனாப் பெட்டியில் போட்டு வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்பவர். அங்குள்ள பம்ப்செட்டைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. அவர் சொன்னார்: "ஸ்டார்ட்டர் விழுந்தா ஏன் விழுந்துச்சுன்னு பாக்கணும்ப்பா. ஒரு பேஸ் வரலையா, கரண்ட் கம்மியா, பம்பு இறுகிப் போச்சான்னு பாக்கணும். அத விட்டுட்டுப் பட்டன்ல குச்சிய வச்சு அடைச்சு ஓட்டுனா காயில் கருகிரும்."

ஸ்டார்ட்டர் விழுவது கோளாறு அன்று. கோளாறு இருப்பதாக அது தரும் அறிவிப்பு. நாங்களோ ஒவ்வொரு முறையும் அறிவிப்புத் தந்தவனைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொருவனை அந்த இடத்தில் உட்கார வைத்துக்கொண்டிருந்தோம்.

திங்களன்று எங்கள் மின்னணுவியல் ஆசிரியரிடம் போனோம். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "நின்ற பிறகு அணைக்காமல் காத்திருந்து பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. அவர் முன்னிலையில் ஓட்டினோம். நின்றது. காத்திருந்தோம். சில நிமிடங்களில் தானாகவே மீண்டும் பாடியது. "செத்தது எழுந்து பாடுமா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். மீதியை நாங்களே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

ஐ.சி.க்குள் இருக்கும் காவலாளி

நாங்கள் பயன்படுத்தியது டி.டி.ஏ. 2030 என்னும் ஐந்து கால் ஐ.சி. இதை உருவாக்கிய எஸ்.ஜி.எஸ். என்னும் இத்தாலிய நிறுவனம் 1987-இல் பிரெஞ்சு நிறுவனமொன்றின் குறைகடத்திப் பிரிவுடன் இணைந்தது. 1998 முதல் அது எஸ்.டி. மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ் என்று வழங்குகிறது. இந்த ஐ.சி.யின் உள்ளே இரண்டு பாதுகாப்புகள் உண்டு. ஒன்று, வெளியீட்டு மின்னோட்டம் அளவு மீறாமல் தடுப்பது. மற்றொன்று, சிலிக்கான் துண்டின் வெப்பநிலை ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸை எட்டும்போது மின்னோட்டத்தை அடக்கிவிடுவது. இந்த அடக்குதல்தான் நம் காதுக்கு முதலில் கரகரப்பாகவும் பின்பு அமைதியாகவும் தெரிகிறது.

வெப்பநிலையை ஐ.சி. எப்படி அறிகிறது? நாம் வகுப்பில் படித்த செய்தியே இதற்குப் போதும். சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஒன்றின் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே சாதாரண வெப்பநிலையில் சுமார் 0.65 வோல்ட் கொடுத்தால்தான் அது நன்கு கடத்தும். வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் இந்தத் தேவை சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். 25 டிகிரியிலிருந்து 150 டிகிரிக்கு 125 டிகிரி உயர்வு. எனவே குறைவு 0.25 வோல்ட். ஆகவே ஒரு டிரான்சிஸ்டருக்கு நிலையாக 0.4 வோல்ட் மட்டும் கொடுத்து வைத்தால் குளிர்ந்திருக்கும்போது அது உறங்கும். 150 டிகிரியில் அந்த 0.4 வோல்ட்டே போதுமானதாகிவிடுவதால் அது விழித்துக்கொண்டு மற்றப் பகுதிகளை அடக்கும். 1970-ஆம் ஆண்டை ஒட்டி ராபர்ட் விட்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்த எல்.எம். 109 என்னும் அழுத்தச் சீராக்கியிலும் இத்தகைய வெப்பப் பாதுகாப்பு உண்டு.

எங்கள் கணக்கு எங்கே தவறியது?

ஐ.சி. மின்வழங்கியிலிருந்து பெறும் ஆற்றல் முழுவதும் ஸ்பீக்கருக்குப் போவதில்லை. ஒரு பகுதி ஐ.சி.யிலேயே வெப்பமாகிறது. சைன் அலைக்கு அந்த வெப்பத்தின் உச்ச அளவை அறிய எளிய வழி உண்டு. ஒரு பக்க மின்னழுத்தத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி, அதைப் பையின் வர்க்கத்தாலும் ஸ்பீக்கரின் ஓம் அளவாலும் வகுக்க வேண்டும்.

எங்கள் மின்வழங்கி சுமையின் கீழ் இரு பக்கமும் 14 வோல்ட். ஆய்வகத்தில் 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை வைத்தே சோதித்திருந்தோம். அப்போது வெப்பம் சுமார் 5 வாட். சும்மா இருக்கும்போதே ஐ.சி. எடுத்துக்கொள்ளும் 40 மில்லியாம்பியருக்கு ஒரு வாட் சேர்த்தால் 6 வாட். விழா நாளில் அரங்கம் பெரிது என்று இன்னொரு 8 ஓம் பெட்டியைப் பக்க இணைப்பில் மாட்டினோம். சுமை 4 ஓம் ஆயிற்று. வெப்பம் 10 வாட். ஒரு வாட் சேர்த்து 11.

இந்த வெப்பம் வெளியேறும் பாதையைப் பாருங்கள். சிலிக்கானிலிருந்து ஐ.சி.யின் உலோக முதுகுக்கு வாட்டுக்கு 3 டிகிரி. மைக்கா தகட்டுக்குச் சுமார் 1 டிகிரி. நாங்கள் வைத்திருந்த சிறிய அலுமினியத் துண்டுக்குச் சுமார் 12 டிகிரி. ஆக மொத்தம் 16 டிகிரி. அறை வெப்பநிலை 35 என்று கொள்வோம். ஒரு பெட்டி மட்டும் இருந்தால் 6 பெருக்கல் 16 ஆகிய 96-உடன் 35 சேர்ந்து 131 டிகிரி. தப்பித்தது. இரண்டு பெட்டிகளோடு 11 பெருக்கல் 16 ஆகிய 176-உடன் 35 சேர்ந்து 211 டிகிரி! அந்த நிலைக்குப் போக ஐ.சி. சம்மதிக்கவில்லை. 150-இலேயே தன்னை அடக்கிக்கொண்டது. பேச்சும் பாட்டும் சைன் அலையைப் போல் இடைவிடாமல் இருப்பதில்லை. அதனால்தான் கால் மணி நேரமாவது தாங்கிற்று.

இனி மருந்து என்ன? அறை வெப்பநிலை 40 என்றே வைத்துக்கொண்டாலும், வாட்டுக்கு 4 டிகிரி உடைய துடுப்புகள் கொண்ட பெரிய ஹீட் சிங்க்கை மாட்டினால் பாதை மொத்தம் 8 டிகிரிதான். 11 பெருக்கல் 8 ஆகிய 88-உடன் 40 சேர்ந்து 128 டிகிரி. இது பாதுகாப்பான அளவு.

நின்ற விதமே நோயைச் சொல்லும்

எல்லாப் பெருக்கிகளும் இந்த ஒரே காரணத்தால் நிற்பதில்லை. எப்படி நின்றது என்பதைக் கவனித்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

முதலாவது, சில நிமிடங்கள் பாடி, நின்று, ஆறியபின் மீண்டும் பாடினால் அது வெப்பமே. ஹீட் சிங்க்கின் அளவு, திருகின் இறுக்கம், இடையில் பூசும் வெப்பப் பசை, ஸ்பீக்கர்களின் மொத்த ஓம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, உரத்த ஓசை வரும் கணத்தில் மட்டும் நின்று உடனே திரும்பினால் அது வெப்பமன்று. வெப்பம் அவ்வளவு விரைவில் ஆறாது. மின்வழங்கி சுமை தாங்காமல் சரிகிறதா, ஸ்பீக்கர் கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஓசையே இல்லாதபோதும் ஐ.சி. சுட்டால், ஸ்பீக்கரைக் கழற்றி, உள்ளீட்டைத் தரையோடு இணைத்து, மின்னோட்டத்தை அளக்க வேண்டும். 40 முதல் 60 மில்லியாம்பியர் வரை இருக்கலாம். அதைவிட மிகுந்தால், காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் பெருக்கி தானே அலைந்துகொண்டிருக்கலாம். வெளியீட்டில் 1 ஓம் தடையும் 0.22 மைக்ரோபாரட் மின்தேக்கியும் தொடராக உள்ளனவா, மின்வழங்கிக் கால்களுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கிகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பெருக்கத்தை 24 டெசிபலுக்குக் கீழே குறைத்தாலும் இந்த ஐ.சி. அலையத் தொடங்கும்.

நான்காவது, நின்றது திரும்பவே இல்லையென்றால் அப்போதுதான் ஐ.சி. உண்மையில் போயிருக்கலாம். அப்போதும் காரணம் அறியாமல் மாற்றக் கூடாது. இந்த ஐ.சி. ஒவ்வொரு பக்கமும் 18 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 15-0-15 டிரான்ஸ்பார்மரை வைத்தால் திருத்தியபின் 20 வோல்ட் வந்து அதைக் கொன்றுவிடும். 12-0-12 போதும். மேலும் ஐ.சி.யின் உலோக முதுகு மூன்றாவது காலுடன், அதாவது எதிர் மின்வழங்கியுடன், உள்ளேயே இணைந்துள்ளது. மைக்காவும் திருகுக்குரிய புஷ்ஷும் இல்லாமல் அதைத் தரையோடு சேர்ந்த பெட்டியில் திருகினால் எதிர்ப்பக்க மின்வழங்கி நேரே தரையோடு குறுக்கிணைப்பு ஆகிவிடும்.

இச்சோதனைகளைச் செய்யும்போது டிரான்ஸ்பார்மரின் 230 வோல்ட் பக்கத்தை மூடியே வைத்திருக்க வேண்டும். ஐ.சி.யை விரலால் தொட்டுப் பார்ப்பதும் கூடாது. கொப்புளம் கண்ட என் விரலே இதற்குச் சாட்சி.

முடிவாக

புதிய ஹீட் சிங்க்கை மாட்டிய அன்று, பேனாப் பெட்டியில் கிடந்த இரண்டு ஐ.சி.களையும் ஒவ்வொன்றாகப் பற்றவைத்துப் பார்த்தோம். இரண்டுமே பாடின! கடைக்காரர் போலி கொடுக்கவில்லை. அவரைக் குறை கூறியதற்கு மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் வெப்பக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். எண்களைப் பார்த்துவிட்டு, "அப்ப ஸ்டார்ட்டர் சரியாத்தான் விழுந்திருக்கு" என்றார். நான்கு பக்கக் கணக்கின் விடையும் அதுதான்.

இவ்வாண்டு மன்றத் தொடக்க விழாவில் அதே பெருக்கி, அதே இரண்டு பெட்டிகளுடன், விழா முடியும்வரை நிற்காமல் ஒலித்தது. அதற்குள் இருந்தது நான்காவதாக வாங்கிய ஐ.சி. அன்று, செத்துவிட்டது என்று நாங்கள் முதலில் கழற்றிப் போட்டதேதான்.