எலி சொல்வதற்குள்…

கழுத்து ரத்தக்குழாயில் மெல்லிய குழாய் பொருத்தப்பட்ட ஓர் எலி. கூண்டுச் சுவரில் சின்ன லீவர். அதை அழுத்தினால் ஒரு சொட்டு மருந்து நேரே ரத்தத்தில் இறங்கும். முதல் சொட்டுக்கு ஒருமுறை அழுத்தினால் போதும். அடுத்ததற்கு 2, பிறகு 4, 6, 9, 12 என்று விலை ஏறிக்கொண்டே போகும். எந்த எண்ணில் எலி சலித்து விலகுகிறதோ, அதுதான் கணக்கு. ஒரு போதைப்பொருள் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பதை ஆய்வாளர்கள் இன்றும் இப்படித்தான் அளக்கிறார்கள்.

அமெரிக்காவின் லா ஹோயாவில் நடந்து 2013-ல் வெளியான சோதனையில், மெத்தாம்ஃபெட்டமின் ஒரு சொட்டுக்காக எலிகள் சராசரியாக 60 முறை அழுத்தின. ‘பாத் சால்ட்’ என்ற பெயரில் கடைகளில் விற்ற எம்.டி.பி.வி.க்கோ 600 முறை வரை! அது வேலை செய்யும் விதம் இதுதான்: மூளையில் டோபமைன் சுரந்து வேலை முடிந்ததும், நரம்பணு அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எம்.டி.பி.வி. அப்படி உறிஞ்சும் வாசலை அடைத்துவிடுகிறது.

என்னை உறுத்துவது அந்த 600 அல்ல, தேதிகள். ‘பாத் சால்ட்’ பொருட்கள் பற்றி அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு 2010-ல் வந்த அழைப்புகள் 300 சொச்சம். மறு வருடமே 6,000-ஐத் தாண்டின. அந்த அக்டோபரில் எம்.டி.பி.வி.க்கு அவசரத் தடை. எலியின் கணக்கு வந்ததோ அதற்கும் பிறகு. அடுத்து, எம்.டி.பி.வி.யின் மூலக்கூறில் ஓரத்து வளையம் மட்டும் இல்லாத ஆல்ஃபா-பி.வி.பி., ‘ஃப்ளாக்கா’ என்று ஃப்ளோரிடா தெருக்களுக்கு வந்துவிட்டது. அதற்குத் தடை 2014-ல். ‘இதுவும் அதற்குச் சளைத்ததல்ல’ என்று எலிகள் காட்டியது 2015-ல். கூண்டில் சோதிக்கும் முன்பே தெருவில் யார் யார் வீட்டுப் பிள்ளைகளிடமோ சோதித்து முடித்துவிட்டார்கள்.

தனிமையில் அடைத்த எலியை வைத்து மனிதரை எடைபோடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. துணை எலியா, மெத்தாம்ஃபெட்டமினா என்று தேர்வு கொடுத்தபோது எலிகள் துணையை நாடியதாக 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. இருக்கட்டும். பாக்கெட்டைப் பிரிக்கும் பையனுக்கு அந்த நேரத்தில் துணை யார்?

இங்கேயும் அதே தாமதம்தான். மும்பையில் ‘மியாவ் மியாவ்’ என்று புழங்கிய மெஃபெட்ரோன், 1929-லேயே ஆய்வகத்தில் பிறந்தது. பிரிட்டன் அதை 2010-ல் தடை செய்தது. நம் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் அது ஏறியது 2015-ல்.

ஐரோப்பியக் கண்காணிப்பில் இப்போது 1,000-க்கும் மேற்பட்ட புதுப் போதைப் பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் அந்த லீவரைக் கண்டவை கொஞ்சம்தான்.