ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறதா? பலகையை இறக்குங்கள்!

சமையலறைப் பலகையோ, சாமிப் பலகையோ, ஒருநாள் லேசாக முன்பக்கம் சாய்ந்த மாதிரி தெரியும். திருகிப் பார்த்தால் ஸ்க்ரூ இறுகாமல் சும்மா சுற்றும். பல வீடுகளில் ஓட்டைக்குள் நாலு தீக்குச்சியைத் திணித்து, "இப்ப நிக்குது பாரு" என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் தெருவில் அப்படி நின்ற சாமிப் பலகை ஒன்று, விளக்கு எரியும்போதே சரிந்து விழுந்தது. கீழே குழந்தை இல்லாதது அந்த வீட்டார் செய்த புண்ணியம்.

பலகையைத் தாங்கும் 'எல்' கிளாம்பில் மேல் ஸ்க்ரூதான் பாரத்தை இழுத்துப் பிடிக்கிறது. கீழே உள்ளது சுவரோடு அழுந்தித்தான் கிடக்கும். அதனால் மேல் ஸ்க்ரூ ஆடினால் முதலில் சாமானை எல்லாம் எடுத்துவிட்டு பலகையை இறக்கிவிடுங்கள்.

ஸ்க்ரூவைப் பாதி திருகி, கட்டிங் பிளேயரால் இழுத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ராவல் பிளக்கும் கூடவே வந்துவிடும். (ராலிங்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்ததால்தான் இந்தப் பெயராம்!) அது ஏன் கழன்றது என்று பாருங்கள். செங்கல் சுவரில் மேல்பூச்சே சுமார் அரை அங்குலம் இருக்கும். பிளக் பூச்சில் மட்டும் உட்கார்ந்திருந்தால் எத்தனை தடவை இறுக்கினாலும் நிற்காது. செங்கல்லுக்குள் போயிருக்க வேண்டும்.

டிரில் போடும்போது கொட்டுகிற தூளே இதைச் சொல்லிவிடும். முதலில் சாம்பல் நிறம் வரும், பிறகு செங்கல் சிவப்பு வரவேண்டும். சிவப்பே வராமல் பிட் பொதபொதவென்று இறங்கினால், இரண்டு செங்கல்லுக்கு நடுவில் உள்ள சாந்தில் போகிறது என்று அர்த்தம். அப்போது ஓட்டையை ஒன்றரை, இரண்டு அங்குலம் மேலே தள்ளிப் போடச் சொல்லுங்கள். பக்கவாட்டில் தள்ளினால் அதே சாந்து வரிசைதான் வரும். மறக்காமல் அடுத்த கிளாம்பையும் அதே அளவு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பலகை கோணிக்கொள்ளும்.

இடம் மாற்ற முடியாதென்றால், 6 எம்.எம். ஓட்டையை 8 ஆக்கி, நீளமான 8 எம்.எம். பிளக்கும் 5 எம்.எம். ஸ்க்ரூவும் போடலாம். உள்ளே இருக்கும் தூளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட வேண்டும். தூள் இருந்தால் பிடிப்பு வராது. பிளக் கையால் தள்ளியதுமே உள்ளே போனால் ஓட்டை பெரிது. சுத்தியலால் மெள்ளத் தட்டித்தான் இறங்க வேண்டும்.

ஓட்டை ரொம்பப் பொரிந்து அகலமாகிவிட்டதா? எம்-சீலைப் பிசைந்து பிளக்கைச் சுற்றி அப்பி, வாய் அடைபடாமல் உள்ளே தள்ளுங்கள். ஒரு முழு நாள் காயட்டும். "இப்பவே மாட்டிரலாம்மா" என்று எலக்ட்ரீஷியன் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. உள்ளே வெற்றிடம், அதற்கென்று தனி பிளக் இருக்கிறது. கடையில் சுவர் என்ன வகை என்று சொல்லியே கேளுங்கள்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ டிரில் வைக்கவே கூடாது. ஒயர் அந்த வழியாகத்தான் போகும்.

மாட்டிய பிறகு எண்ணெய் டின், பருப்பு டப்பா போன்ற கனமானவற்றைச் சுவரை ஒட்டி வையுங்கள். விளிம்பில் வைக்கிற ஒவ்வொரு கிலோவும் மேல் ஸ்க்ரூவை இன்னும் அதிகமாக இழுக்கும்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.