செம்பனையில் காய் பிடிக்க வைக்கும் குட்டி வண்டு

தாப்பாவிலிருந்து பீடோருக்குப் போகும் வழியெல்லாம் செம்பனை மரங்கள்தான். ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றிலும் இன்று இதே மரம். இதன் குலைகளில் காய் பிடிக்க உதவுவது தேனீ அன்று. அரிசியை விடவும் சிறிய, நீண்ட மூக்குள்ள ஒரு வண்டு.

செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் தனித்தனி. ஒரே மரத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒரே சமயத்தில் மலர்வதில்லை. ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வேலையைக் காற்றே செய்கிறது என்றுதான் முன்பு நம்பினார்கள். ஆனால் நம் நாட்டில் காய் சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் தோட்டத் தொழிலாளர்கள் மகரந்தத்தை டால்கம் தூளில் கலந்து, மரம் மரமாகச் சென்று பெண் பூக்களின் மேல் தூவினார்கள். தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு நினைவிருக்கலாம்.

செம்பனையின் தாய்நாடு மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே கையால் தூவாமலே காய் பிடித்தது எப்படி? ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் 1970களின் இறுதியில் கேமரூன் நாட்டில் இதை ஆராய்ந்தார். (இது நம் கேமரன் மலை அன்று, ஆப்பிரிக்க நாடு!) மகரந்தத்தைச் சுமந்து சென்றவை இந்த வண்டுகளே என்று கண்டறிந்தார். இவை வேறு பயிர்களைத் தாக்குமா என்று சோதித்த பிறகு, 1981இல் ஜொகூர் மாநிலம் குளுவாங் அருகே வண்டுகள் விடப்பட்டன. அவை வேகமாகப் பரவின. கையால் தூவும் வேலையும் தேவையற்றுப் போனது.

இது நடப்பது எப்படி? ஆண் பூவின் சோம்பு போன்ற வாசனை வண்டுகளை இழுக்கிறது. அங்கே உண்ணும்போது உடலில் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. பெண் பூவும் அதே வாசனையை இலேசாக வீசும். அதை நம்பிப் போகும் வண்டு மகரந்தத்தை அங்கே உதிர்த்துவிடுகிறது. முட்டையிடுவதோ ஆண் பூவில்தான். வாடிய ஆண் பூவைத் தின்றே புழு வளர்கிறது, மரத்துக்குக் கேடில்லை.

ஆனால் இந்த வண்டுக்கும் ஆபத்துகள் உண்டு. நுண்ணிய உருளைப்புழுக்கள் அதன் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வாழ்கின்றன. எலிகள் ஆண் பூவைக் கிழித்து அதன் புழுக்களைத் தின்கின்றன. அடைமழையில் அது அதிகம் பறப்பதில்லை. பெண் பூக்களே மிகுதியாக வரும் இளமரங்களில் முட்டையிட இடம் போதுவதில்லை. அன்று கொண்டுவந்ததும் ஒரு சிறு கூட்டம்தான். அதன் வழிவந்தவற்றில் மரபணு வேறுபாடு குறைவாக இருந்தால், புதிய நோயை எதிர்க்கும் ஆற்றலும் குறையலாம்.

மனிதர்களும் கவனமாக இருக்க வேண்டும். செம்பனை ஓலையைத் தின்று, இலைத்துணுக்குகளால் பை கட்டி வாழும் பைப்புழு பேராக் தோட்டங்களுக்குப் பழைய எதிரி. அதைக் கொல்லக் கடும் பூச்சிமருந்து அடித்தால் வண்டும் சாகும். இலையைத் தின்னும் புழுவின் குடலை மட்டும் தாக்கும் பாக்டீரியா மருந்தைத் தெளித்தால் வண்டு பிழைக்கும். வண்டு குறைந்தால் குலையில் காய் குறையும். மறுபடியும் மனிதக் கைதான் மகரந்தத்தைத் தூவ வேண்டியிருக்கும்.