நுண்ணளவு காணும் நோய்ச்சோதனை

நோய் முற்றியபின் அதனை அறிதல் எளிது. அரும்பும்போதே அறிதல் அரிது. மாரடைப்பினால் இதயத்தசை சிதையும்போது துரோபோனின் என்னும் புரதம் இரத்தத்திற் கசிகின்றது. தொடக்கத்தில் அதன் அளவு மிகச் சிறிது. பழைய சோதனைகளுக்கு அது புலப்படாமையால், நெஞ்சுநோவுடன் வந்தவரை ஆறு மணி நேரம் வரை வைத்திருந்து மீண்டும் சோதிக்க வேண்டியிருந்தது. இத்தகைய நுண்ணளவுகளைக் காணும் முறை வளர்ந்தவாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

குறித்த ஒரு பொருளையே தேடிப் பற்றும் இயல்புடைய புரதம் பிறபொருளெதிரி எனப்படும். நியூயோர்க்கிற் பழைய போர்வீரருக்கான வைத்தியசாலையொன்றிற் பணியாற்றிய ரோசலின் யாலோ, சொலமன் பேர்சன் என்னும் இருவரும் இவ்வியல்பைக் கருவியாகக் கொண்டனர். கதிர்த்தொழிற்பாடுடைய அயடீனை அடையாளமாக இணைத்து, மனித இரத்தத்திலுள்ள இன்சுலினை அளக்கும் முறையை 1960 இல் விரித்து வெளியிட்டனர். பேர்சன் 1972 இற் காலமானார். யாலோ 1977 இல் நோபல் பரிசு பெற்றார். இதற்கிடையில், 1971 இற் சுவீடனில் எங்வால், பேர்ள்மன் என்போர் அயடீனுக்குப் பதிலாக நொதியத்தை அடையாளமாக்கினர். ஒரு நொதிய மூலக்கூறு பல நிறமூலக்கூறுகளை ஆக்குமாதலின் சிறிய குறியும் பெரிதாய்த் தோன்றும்.

குறியைப் பெருக்கினால் மட்டும் போதுமோ? திருவிழாக் கூட்டத்திலே குழந்தையொன்றின் குரலைக் கேட்க ஒலிபெருக்கியை வைத்தால், கூட்டத்தின் ஆரவாரமும் உடன் பெருகும். அவ்வாறே, சோதனைக் குழியின் வெறுஞ்சுவரில் ஒட்டிய அடையாளப் பிறபொருளெதிரியும் நிறம் காட்டி நம்மை ஏமாற்றும். ஆதலின், வெற்றிடங்களைப் பாற்புரதம் போன்றவற்றால் முன்னரே மூடுதலும், பற்றாது எஞ்சியவற்றை நன்கு கழுவுதலும், இறுகப் பற்றும் பிறபொருளெதிரிகளைத் தேர்தலும், தேடும் பொருளை இரு பிறபொருளெதிரிகளுக்கிடையே பிடித்தலும் இன்றியமையாதன. ஆரவாரத்தை அடக்குதல் உணர்திறனின் பாதி என்க.

2010 இல் அமெரிக்க ஆய்வாளர் மற்றுமொரு வழி காட்டினர். தேடும் மூலக்கூறுகளை நுண்மணிகளிற் பிடித்து, குழிக்கு ஒரு மணியாக மிகச் சிறு குழிகளில் அடைத்தனர். குழி சிறிதாதலின் ஒரே நொதியத்தின் விளைவும் அங்கே செறிந்து ஒளிரும். மொத்த ஒளியை அளவாது, ஒளிரும் குழிகளை அவர்கள் எண்ணினர்.

உணர்திறன் மிக்க துரோபோனின் சோதனைகளால் இன்று பலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்துள் முடிவு கூற இயலுகின்றது. எனினும், சிறுநீரக நோயிலும் துரோபோனின் உயரக்கூடும். ஆகவே வைத்தியர் இருமுறை அளந்து, அளவு ஏறுகின்றதா இறங்குகின்றதா என நோக்குவர். கருவி நுண்மையுறுந்தோறும், அது காட்டுவதை ஆய்ந்து பொருள்கொள்ளும் மதியும் நுண்மையுறல் வேண்டும். விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் இதனை உளங்கொள்வாராக.