கல்லிற் பதிந்த திசை

மாணவர் ஒருவர் தம் முதலாவது ஆராய்ச்சியிலே எதிர்பாராத அளவொன்றைக் காண்பாராயின், அவர் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்கு விடை தரும் வரலாறு ஒன்றை இன்று கூற விரும்புகின்றேன்.

ஒல்லாந்தைச் சேர்ந்த யான் ஹொஸ்பேர்ஸ் என்னும் இளைஞர் கேம்பிறிச் சர்வகலாசாலையிலே ஆராய்ச்சி மாணவராயிருந்தார். 1950ஆம் ஆண்டுக் கோடையில் அவர் ஐசுலாந்துக்குச் சென்றார். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியதனால் ஆய தீவு அது. ஓரிடத்து அடுக்கும் பிறிதோரிடத்து அடுக்கும் ஒன்றுதானா என்பதைக் கல்லின் காந்தத் தன்மையைக் கொண்டு அறியலாமா என்பதே அவர் ஆராயப் புகுந்த பொருள்.

கல்லுக்குக் காந்தத் தன்மை எவ்வாறு வந்தது? எரிமலைக் குழம்பிலே மக்னடைற்று என்னும் இரும்புக் கனிப்பொருளின் நுண்ணிய துணிக்கைகள் உள. குழம்பு இறுகி, ஏறத்தாழ 580 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறும்போது, அவை பூமியின் காந்தத் திசையைத் தம்மிடத்தே பதித்துக்கொள்கின்றன. ஆகவே, கல்லைப் பெயர்க்கு முன்னரே அது கிடந்த நிலையையும் வடதிசையையும் அதன்மேற் குறித்தல் வேண்டும். அக்குறி இல்லையேல் பின்னர் அளக்கும் அளவு பயன்படாது.

அளந்தபோது சில அடுக்குகள் இக்காலத் திசையைக் காட்டின. வேறு சில அதற்கு நேரெதிர்த் திசையைக் காட்டின. அவற்றைப் பிழையென ஒதுக்கிவிடுதல் எளிது. 1906இல் பிரான்சிலே பேணார் பிறூனும், 1929இல் யப்பானிலே மத்துயாமாவும் இத்தகைய கற்களைப்பற்றி எழுதியும், பலர் நம்பினாரல்லர். ஹொஸ்பேர்ஸ் 1951இல் மீண்டும் சென்று மேலும் கற்களைச் சேர்த்தார். எதிர்த்திசைக் கற்கள் தொகுதி தொகுதியாக, மற்றவற்றோடு மாறிமாறி அடுக்கப்பட்டிருந்தன. சிதறிய அளவுகளின் சராசரித் திசையைக் கணிக்க அவர் புள்ளிவிபரவியல் அறிஞர் ரொனால்ட் பிஷரை நாடினார். பிஷர் வகுத்த முறை 1953இல் வெளியாயிற்று.

பூமியின் காந்த முனைகள் பலமுறை தம்முள் மாறின என்பதே ஹொஸ்பேர்ஸ் கண்ட முடிபு. சில கனிப்பொருள்கள் தாமாகவே எதிர்த்திசையிற் காந்தமாகலாம் என்ற மறுப்பு எழுந்தது. பொற்றாசியம்-ஆகன் முறையாற் பாறைகளின் வயதைக் கணித்து, ஒரே காலத்துப் பாறைகள் வெவ்வேறிடங்களிலும் ஒரே திசையைக் காட்டுதலை நிறுவிய பின்னரே, 1960களில் ஐயம் நீங்கிற்று. முனைகள் இறுதியாக மாறியது ஏறத்தாழ 780,000 ஆண்டுகளுக்கு முன்னர் என இன்று கணிக்கின்றனர். 1963இல் கேம்பிறிச் மாணவர் பிறெட் வைனும் அவர்தம் ஆசிரியர் மத்தியூசும், நம் தீவுக்கு மேற்கே இந்து சமுத்திரத்தின் அடியிலுள்ள காள்ஸ்பேர்க் மலைத்தொடரின்மேற் பெற்ற காந்த அளவுகளை இவ்வுண்மையைக் கொண்டே விளக்கினர். கடற்றரை விரிகின்றது என்பதற்கு அது பெருஞ் சான்றாயிற்று.

நம் பாடசாலைகளிலே, நூலிலுள்ள விடைக்கு ஒத்துவருமாறு அளவைத் திருத்தி எழுதும் வழக்கம் உண்டு. கண்டதைக் கண்டவாறே எழுதி, ஒவ்வாததை மீண்டும் அளந்து பார்க்கும் மாணவனே ஆராய்ச்சியின் வாயிலை அடைந்தவன். அத்துணிவை அவனுக்கு அளிப்பது ஆசிரியரதும் பெற்றோரதும் கடமையாகும்.