உப்பளத்துக் கண்ணாடியும் ஒரு சிறு ரிவிட்டும்

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குச் செல்லும் வழியில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. 1930 ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பெடுத்த மண் அது. அங்கே நண்பகலில் வெறுங்கண்ணுடன் நின்று பாருங்கள். வானத்து வெயில் போதாதென்று பாத்தி நீரும் உப்புக் குவியலும் அதைத் திருப்பிக் கண்ணிலேயே எறியும். கடும் ஒளி கண்ணுக்கு நோவு தரும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னு ஹைஸம் அவர்கள் தமது 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் நூலில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

விடுமுறையில் வரும் வளைகுடாச் சகோதரர் அணிந்திருக்கும் கறுப்புக் கண்ணாடியை நாம் ஆடம்பரம் என்று நகைக்கலாம். உப்பு வாருபவருக்கும் கடலில் வலை இழுப்பவருக்கும் அது ஆடம்பரமன்று. பல்லாண்டு வெயில் பட்ட கண்ணில் சதை வளராமல் தடுக்க உதவும் கவசம்.

அக்கவசம் பெரும்பாலும் கீலில்தான் பழுதடைகிறது. மலிவான கண்ணாடிகள் பலவற்றின் கீலில் திருகாணி இருப்பதில்லை. இரு முனையும் அடித்துப் பரப்பிய சிறு ரிவிட்டே இருக்கும். உப்புக் காற்றில் இரும்பு துருவேறும்போது பருத்துத் துளையை இறுக்கிக்கொள்கிறது. பிறகு கால் மடங்காது. வலிந்து மடக்கினால் சட்டமே முறியும். கடைக்காரரோ, "புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். கிழிந்த செருப்பைத் தம் கையாலேயே தைத்துக்கொண்டவர்கள் நபி (ஸல்) அவர்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்க, பழுது பார்ப்பதைக் கஞ்சத்தனம் என்று நாம் ஏன் கூச வேண்டும்?

ரிவிட்டுக்குத் திருகுப்புரி கிடையாது. ஆகவே அதைத் திருகவும் முடியாது. குறட்டால் பிடித்து இழுத்தால் கீலே பெயர்ந்து வரும். தலையை நீக்கிவிட்டுப் பின்புறமாகத் தள்ளுவதொன்றே வழி. முதலில் வில்லைகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். ரிவிட்டில் ஒரு துளி எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். அவசரப்பட்டு நகப்பூச்சு நீக்கியையோ தின்னரையோ ஊற்றிவிடாதீர்கள். பிளாஸ்டிக் உருகிப் பாழாகும். மறுநாள், சுற்றிலும் காகித நாடா ஒட்டிக்கொண்டு, நகைப் பத்தர்கள் வைத்திருக்கும் ஊசி அரத்தால் ஒரு பக்கத்துத் தலையை மட்டும் கீலின் மட்டத்துக்குத் தேய்த்துவிடுங்கள். ஒரு மரக்கட்டையில் சிறு துளையிட்டு, தேய்க்காத தலை அத்துளைக்குள் இறங்குமாறு கீலை வையுங்கள். நுனியைத் தட்டையாகத் தேய்த்த மெல்லிய கம்பி ஆணியை மேலே நிறுத்தி, சிறு சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். ஆணி, ரிவிட்டின் துளையைவிடச் சற்றே மெலிந்திருக்க வேண்டும். கட்டை இல்லாமல் வெறும் மேசைமேல் தட்டுபவர்கள்தாம் கீலை வளைத்துவிடுகிறார்கள்.

தலை குழிக்குள் பதிந்திருந்தால் அரம் எட்டாது. அப்போது நடுவில் ஒரு புள்ளி குத்தி, கையால் சுழற்றும் சிறு துளைகருவியால் தலையின் ஆழம் மட்டுமே துளையிட வேண்டும். மின் துளைகருவியின் சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். உலோகத்துகள் தெறிக்கும், ஆகவே செய்பவர் தம் கண்ணுக்கு வேறொரு கண்ணாடி அணிவது அவசியம், குழந்தைகளை அண்டவிடக்கூடாது.

சட்டத்தின் முன்புறம் மின்னும் இரு புள்ளிகளை ரிவிட் என்று நம்பி அரத்தை எடுத்துவிடாதீர்கள். பழைய நல்ல கண்ணாடிகளில் அவை உண்மையாகவே கீலைப் பிடித்திருந்தன. இன்று பலவற்றில் அவை வெறும் ஒட்டலங்காரம். உட்புறக் கீலைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சட்டமின்றி வில்லையிலேயே துளையிட்டுப் பொருத்திய கண்ணாடியைத் தொடவே வேண்டாம், வில்லை விரிந்துவிடும். அதைக் கடையிலேயே கொடுங்கள்.

கண்ணாடி பழுது பார்க்கத் தகுதியானதுதானா என்பதையும் கேட்டறிவது நன்று. கருமை மட்டும் பாதுகாப்பன்று. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்பு வில்லைக்குப் பின்னால் கண்மணி விரிந்து, அக்கதிர் கூடுதலாகவே உள்ளே புகக்கூடும். சோதிக்கும் கருவி சில கண்ணாடிக் கடைகளில் உண்டு.

காலியான துளைக்கு இரும்பை விடப் பித்தளைத் திருகாணி ஏற்றது. அதன் முனையில் நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்தால் எளிதில் கழலாது. உப்பளத்திலிருந்து திரும்பியதும் கீலை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். கழற்றிய ரிவிட்டை எறிந்துவிடாமல் ஒரு தாளில் மடித்து வையுங்கள். திருகாணி வாங்கும்போது அதைக் காட்டினால்தான் கடைக்காரருக்கு அளவு புரியும்.