நெடுந்தீவுக்கு எப்போது போவது?

பரீட்சைகள் முடிந்து பாடசாலைகள் மூடப்பட்டதும், "இம்முறை எங்கே போவது?" என்னும் கேள்வி இல்லந்தோறும் எழுகின்றது. பூகோளப் புத்தகத்தில் எரிமலைத் தீவுகளின் படத்தைக் கண்ட பிள்ளைகள், அத்தகைய தீவொன்றைப் பார்க்க வேண்டுமென ஆசைப்படுகின்றனர். அது தொலைவான ஆசை. ஆயின், தீவைப் பார்க்கும் ஆசையை நம் வாசலிலேயே தீர்த்துக்கொள்ளலாம். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியன நமக்கு அண்மையிலேயே உள்ளன. அவை எரிமலை ஈன்ற தீவுகள் அல்ல. அந்த வேறுபாட்டை அறிந்து பயணத்துக்கு ஒழுங்கு செய்தல் வேண்டும் என்பதே நாம் இங்கு கூற விரும்புவது.

எரிமலைத் தீவுக்கு ஓர் எடுத்துக்காட்டு, இந்து சமுத்திரத்திலே மடகாஸ்கருக்குக் கிழக்கேயுள்ள றியூனியன். கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தமிழரின் வழித்தோன்றல்கள் அங்கு இன்றும் வாழ்கின்றனர். அங்கே நெருப்புக் கக்கும் மலை 2,632 மீற்றர் உயரமானது. மற்றொரு மலை 3,000 மீற்றரையும் கடந்தது. இம்மலைகள் கடற்காற்றைத் தடுத்து மழையாகப் பொழியச் செய்கின்றன. 1966ஆம் ஆண்டு ஜனவரியில் வீசிய புயலின்போது, அத்தீவின் ஓரிடத்தில் ஒரே நாளில் 1,825 மில்லிமீற்றர் மழை பெய்தது. யாழ்ப்பாணத்தில் சாதாரணமாக ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை அதனினும் குறைவு. எனவே அங்கு அருவிகளும் ஆறுகளும் உண்டு. விருந்தினர் வேண்டியமட்டும் நீராடலாம்.

நம் தீவுகளோ சுண்ணாம்புக் கல்லாலானவை. மலை இல்லை, ஆறும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் பெய்யும் மழையே பெரும்பான்மையான நீர்வளம். அந்நீர் கல்லிடுக்குகளின் வழியே இறங்கி, நிலத்தின் கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் சிறிது பாரம் குறைந்ததாதலே இதற்குக் காரணம். மாணவர்கள் இங்கு ஒரு கணக்கை நினைவிற் கொள்ளலாம்: நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை அது பரந்திருக்கும். ஆகவே கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டம் தாழுமாயின், கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு வேகமாக மேலேறும். ஒருமுறை உவர்ந்த கிணறு மீண்டும் இனிப்பதற்குப் பல மழைகள் பெய்தல் வேண்டும். உவர்நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் இக்காலத்தில் வந்துள்ளன என்பது மெய்யே. எனினும் கிணற்றின் அருமை குறைந்துவிடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி விடுமுறையில் நாம் குடும்பத்தோடு நெடுந்தீவு சென்றிருந்தோம். வெயிலிற் களைத்து ஒரு வீட்டுப் படலையில் நின்று தண்ணீர் கேட்டோம். அவ்வீட்டு முதியவள் செம்பு நிறையக் கொணர்ந்து தந்தாள். நம் சிறுவன் பாதியைக் குடித்து, மிகுதியை முற்றத்தில் ஊற்றப் போனான். "ராசா, மண்ணிலை ஊத்தாதை, இஞ்சை தா" என்று செம்பை வாங்கிய அவள், அந்த நீரை வேலியோரத்து முருங்கைக் கன்றுக்கு வார்த்தாள். அவள் முகத்திற் கோபம் சிறிதும் இல்லை. நீராட நீர் கேட்க எண்ணியிருந்த நாம் வாய் திறவாது திரும்பினோம்.

எனவே, எப்போது போவது? வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகக் காற்று கடலைக் குழப்பும். கிணறுகளும் வற்றத் தொடங்கும். கார்த்திகை, மார்கழியில் மழையும் வாடைக் காற்றும் படகுப் பயணத்தைத் தடுக்கலாம். மாசி, பங்குனி மாதங்களே சிறந்தவை. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சித்திரை விடுமுறை பொருந்தும். வெயில் கடுமையாயினும் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆவணியன்றி வேறு வசதி இல்லாதோர், காலையிற் சென்று மாலையில் திரும்புவதே நன்று.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாக, வாணர் தாம்போதியால் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் துறைக்கு பஸ்ஸிற் செல்லலாம். அங்கிருந்து நயினாதீவு படகில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையில் அமைந்திருத்தலைக் காணலாம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். படகுகள் சிலவே ஆதலால், போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் முதல்நாளே விசாரித்துக்கொள்ளல் வேண்டும்.

நெடுந்தீவிலே சாந்தின்றி முருகைக் கற்களை அடுக்கிய வேலிகளையும், பருத்த பெருக்கு மரத்தையும், பாழடைந்த கோட்டையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக் குதிரைகள் வெளியிலே திரிகின்றன. அவையும் மழைநீரை நம்பியே வாழ்வன; கோடையில் நீர் தேடி அலைவன. திரும்பும் வழியில் நேரமிருந்தால் ஊர்காவற்றுறை சென்று, கடல் நடுவிலுள்ள கோட்டையைக் கரையில் நின்றே பார்க்கலாம்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு சொல். கட்டுச்சோற்றுடன் ஆளுக்கு மூன்று போத்தல் குடிநீரும் எடுத்துச் செல்லுங்கள். கடலிற் குளித்தபின் உப்பைக் கழுவக் கிணற்றடியைத் தேடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். ஊர் மக்கள் விற்கும் பனங்கட்டியும் ஒடியலும் கருவாடும் வாங்குங்கள். அவர்கள் உபசரித்துத் தரும் நீரை மறுக்க வேண்டாம். குடிக்கும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். தீவிலிருந்து பிள்ளைகள் வேறெதைக் கொண்டுவராவிடினும், ஒரு செம்பு நீரின் விலையை அறிந்து வந்தார்களாயின் அவ்விடுமுறை வீண்போகவில்லை.